இடைவேளையில் தலைவர் பேசினார்

நாடகம் நாலு மணி நேரம் ஓடும் என்று கேள்விப்பட்டபோதே, அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விடுவது என்று விமலா முடிவு செய்துவிட்டாள்.

போக வேண்டும் என்ற நினைப்பு பழையது. வழிதான் கிடைக்கவில்லை. அவள் கணவன், கோயில் கமிட்டித் தலைவன் ஜெயபாலன், தன் லோரி கம்பெனியை வீட்டின் முன்னறையில் வைத்தே நடத்தினான். வாசல் கேட்டின் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. சந்தைக்கு அவள் போனால் பை தூக்க அவனும் போவான். கோயிலுக்குப் போனால் அவள் சுற்றி வரும்வரை வாசலில் நிற்பான். "தலைவரு பொஞ்சாதிய விட்டு ஒரு அடி நகர மாட்டாரு" என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். அவளுடைய கைத்தொலைபேசியை அவன் எப்போதோ சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். மகள் தினேஸ்வரி பினாங்கில் இருந்தாள். வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

நாடகத்தை மேடையேற்றிய பவித்ரன் கல்லூரி விரிவுரையாளன். தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து அழைத்தான்.

"குளிர் நாட்டுக் கதை, தலைவரே. நூறு வருஷத்துக்கு முந்தி எழுதுனது. ஒரே வீடு, ஒரே குடும்பம், நாலு அங்கம். தமிழ்ல இப்பதான் முத தடவ வருது. நீங்கதான் தலைமை தாங்கணும்."

"நாலு மணி நேரமா? நான் தூங்கிருவேன்லா."

"தூங்குனாலும் முன்வரிசையில தூங்குங்க, தலைவரே. எங்களுக்கு அது போதும்."

ஜெயபாலன் வயிறு குலுங்கச் சிரித்தான். காப்பித் தட்டோடு நின்ற விமலாவும் சிரித்தாள். தலைமை தாங்குபவன் பாதியில் எழுந்து போக முடியாது. முன்வரிசை சோபாவில், ஊரே பார்க்கக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே போனாலும் இடைவேளையில் சிகரெட் பிடிக்க மட்டும் போவான். அந்த நேரம் போதும்.

கோயில் சமையற்கட்டில் வேறொருத்தியின் கைத்தொலைபேசியை வாங்கி மகளிடம் சொன்னாள்.

"பின்பக்கத்து சந்துல நிக்கிறேன்மா," என்றாள் தினேஸ்வரி. "வெள்ள மைவி காரு. பாத்ரூம் போற மாதிரி வந்துருங்க. ஐசி கார்டு மட்டும் எடுத்துக்குங்க. துணிமணிலாம் வேணாம்."

நாடகத்துக்கு முந்தின வியாழக்கிழமை, எந்தச் சேலை கட்டப் போகிறாய் என்று ஜெயபாலன் கேட்டான். நீலப் பட்டு என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். அந்த 'உடனே' அவனுக்குப் பிடிக்கவில்லை. "என்னாடி, கூத்து பாக்க இவ்ளோ அவசரம்?" என்று இடக்கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கி, முகத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் வைத்து அழுத்தினான். தோளுக்குள் ஏதோ இடம் மாறும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டான். பிறகு அவனே தைலம் கொண்டுவந்து உட்கார்ந்து தேய்த்தான். தேய்க்கும்போது அவன் கண் கலங்கியது. அவன் எப்போதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போ பழைய நகரத்துச் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் ஈப்போவைச் சுற்றித் தாமான் குடியிருப்புகளில் சிதறியவர்கள். ஜெயபாலனும் விமலாவும் அதே தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள்தான். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர். ஒரு வீட்டில் விழும் அடி நாலு வீட்டுக்குக் கேட்கும். யாரும் எழுந்து வந்து கதவைத் தட்டியதாக விமலாவுக்கு நினைவில்லை. கோயில் திருவிழா நாடகத்தில் மாமியார் வேஷக்காரி மருமகளை அறைந்தால் மட்டும் மேடைக்குச் செருப்பு பறக்கும்.

திரை தூக்குமுன் பவித்ரன் ஒலிவாங்கியில் மன்றாடினான். கைத்தொலைபேசி வேண்டாம், கச்சாங் கடலை உரிக்க வேண்டாம், நடிகர்களோடு பேச வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, மூன்றாவது வரிசையில் கச்சாங் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த வீரம்மா, "அவங்க நம்மகிட்ட பேசலாம், நம்ம பேசக் கூடாதா?" என்றாள். எழுபது வயதிலும் அவள் குரல் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் குரல்தான்.

முதல் அங்கம் முழுவதும் பேச்சு. பனி பெய்யும் ஊர். மரவியாபாரி ஒருவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர், நடுவில் நீளமான சாப்பாட்டு மேசை. பழைய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே போனார்கள். மொழிபெயர்ப்பு கனமாக இருந்தது. ஒரு வாக்கியம் முடியுமுன் அதன் தொடக்கம் மறந்துபோயிற்று. பின்வரிசையில் குறட்டை கேட்டது. விமலா பக்கத்தில் பார்த்தாள். ஜெயபாலனின் தாடை தளர்ந்து, இமை பாதி மூடியிருந்தது. நல்லது, தூங்கு என்று நினைத்தாள். கைப்பைக்குள் விரலை விட்டு அடையாள அட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டாள்.

இரண்டாம் அங்கத்தில் மரவியாபாரி மனைவியை அடித்தான்.

வியாபாரியாக நடித்த தர்மா நிஜத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். எறும்புக்கும் வழி விடுவான். மனைவியாக நடித்தவள் நவமணி. அவன் அறைந்தபோது திரைக்குப் பின்னால் யாரோ கைதட்டி சத்தம் எழுப்பினார்கள். நவமணி மேசையில் விழுந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"டேய் தர்மா!" வீரம்மாவின் குரல் மண்டபத்தைக் கிழித்தது. "புள்ளைங்கள ஏத்திட்டுப் போற கையாடா அது?"

சிரிப்பு வெடித்தது. பவித்ரன் பக்கவாட்டிலிருந்து குனிந்தபடி ஓடி வந்தான். "அம்மா, தயவு செஞ்சி..."

"நீ போ தம்பி. அடிக்கச் சொல்லிக் குடுத்ததே நீதானே!"

விமலா சிரிக்கவில்லை. சத்தம் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அறை அப்படிப் 'பளார்' என்று கேட்காது. வாங்குகிறவளுக்குக் காதுக்குள் ஒரு அடைப்பு விழும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை தர்மா சரியாகச் செய்தான். அடித்தபின் தன் கையைத் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடைய கையோ என்பதுபோல. அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்போதுதான் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜெயபாலன் விழித்திருந்தான். முதுகு நிமிர்ந்து, சோபாவின் நுனிக்கு வந்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாவம்லா அந்தப் பொம்பள," என்றான் அவளிடம். "எப்படி அடிக்கிறான் பாரு. மனுசனா இவன்?"

அவன் தூங்குவான், சலிப்பான், இடைவேளை மணி அடித்ததும் சிகரெட்டோடு வாசலுக்கு ஓடுவான் என்றுதான் விமலா எல்லாவற்றையும் திட்டமிட்டு வைத்திருந்தாள். நாடகம் அவனைப் பிடித்துக்கொள்ளும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

இடைவேளைக்கு மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. ஜனம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை நோக்கிப் பாய்ந்தது. ஜெயபாலன் அசையவில்லை. மூடிய திரையையே பார்த்தபடி அவளுடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தோளில் கத்தி இறங்கியதுபோல் இருந்தது.

"ஏங்க, பாத்ரூம் போயிட்டு வாரேன்."

"ம்ம்."

"நீங்க சிகரெட் பிடிக்கப் போகலையா?"

"நெஞ்சு அடைக்குதுடி. நீ போயிட்டு வந்துரு."

கை விடுபட்டது. அவள் எழுந்து, இருக்கைகளின் ஓரமாக மெதுவாக நடந்தாள். ஓடக் கூடாது. பாத்ரூமுக்குப் பக்கத்துக் கதவு, அதைத் தாண்டினால் சந்து. கதவின் பிடி கைக்கு எட்டியபோது பவித்ரன் எதிரே வந்து நின்றான், கையில் இரண்டு மாலை, தோளில் இரண்டு பொன்னாடை, முகமெல்லாம் வேர்வை.

"ஐயோ அக்கா, எங்க கெளம்பிட்டீங்க? இப்பதான் மரியாத செய்யப் போறோம்."

"கடைசிலதானே தம்பி?"

"கடைசில பாதிப் பேரு வீட்டுக்குப் போயிருவாங்கக்கா. தலைவருக்கு ஆளுங்க இருக்கறப்பவே செஞ்சாதானே கௌரவம்? வாங்க, வாங்க. தம்பதியாதான் நிக்கணும்."

"ஒரு நிமிசம், தம்பி. நான் போயிட்டு..."

"அக்கா, இப்பவே நாடகம் இழுத்துருச்சி." அவன் அவள் முழங்கையைப் பணிவோடு தொட்டுத் திருப்பினான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஊர்ப்பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி நடந்தாள்.

மூடிய திரைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். ஜெயபாலனுக்கு மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. பெண்ணுக்குப் பெண்தான் போர்த்த வேண்டும் என்று வேஷத்தோடே நவமணியைக் கூப்பிட்டார்கள். அவள் கன்னத்தில் ஊதாச் சாயத்தால் வரைந்த காயம் இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு, பொன்னாடையை விரித்து விமலாவின் தோளில் அழுத்தி வைத்தாள்.

விமலாவின் முழங்கால் மடிந்தது. சத்தம் வராமல் உதட்டைக் கடித்தாள். நவமணி தாங்கிக்கொண்டாள். விமலாவின் ரவிக்கை விளிம்பு சற்று நகர்ந்திருந்தது. பவுடருக்கு அடியில் பச்சையும் கறுப்புமாக விரல் பதிந்திருந்ததை அவள் அத்தனை கிட்டத்தில் பார்த்தாள். ஜெயபாலனைப் பார்த்தாள். மறுபடி விமலாவைப் பார்த்தாள்.

அவன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான்.

"அன்பான தோட்டத்து ஜனங்களே," என்று தொடங்கினான். "இந்த நாடகத்தப் பாத்து நான் அழுதுட்டேன். பொம்பளயக் கை நீட்டி அடிக்கிறவன் ஆம்பளையே இல்ல..."

கைதட்டல் எழுந்தது.

"அக்கா," நவமணி உதடு அசையாமல் கேட்டாள், "எங்க போகணும்?"

"பின்பக்கம். மக கார்ல நிக்கிறா."

"மேடைக்குப் பின்னாலயும் ஒரு கதவு இருக்கு. வாங்க." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்காவோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்!" என்று சிரித்துக்கொண்டே திரையின் பிளவு வழியாக அவளை உள்ளே இழுத்தாள்.

உள்ளே மங்கலான வெளிச்சம். மூன்றாம் அங்கத்துக்காக மேசையில் பீங்கான் தட்டுகளும் கரண்டிகளும் வைத்திருந்தார்கள். தாடியை ஒட்டவைத்துக்கொண்டு மாவு பிஸ்கட் தின்றுகொண்டிருந்த தர்மா எழுந்து நின்றான். பின்கதவை அடைத்தாற்போல் ஒரு பெரிய மர அலமாரி நின்றது.

"இத நவுத்துங்க தர்மாண்ணே, சீக்கிரம்!"

"ஏன், என்னாச்சி?"

"நவுத்துங்கன்னா!"

தர்மா தோளைக் கொடுத்துத் தள்ளினான். அலமாரி முனகியது. திரைக்கு அப்பால் ஜெயபாலனின் பேச்சு திடீரென்று தடுமாறியது. விமலா கேட்டுக்கொண்டு நின்றாள். கைத்தொலைபேசிகள் எல்லாம் மண்டபத்தில் இருக்க, உள்ளே என்ன போட்டோ? அவன் அதைத்தான் யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "நன்றி வணக்கம்" என்ற குரல் கேட்டது. திரை விலகி மூடிற்று.

மாலையோடு அவன் நின்றான். அலமாரியைப் பார்த்தான். அதன் பின்னே தெரிந்த கதவைப் பார்த்தான். அவளுடைய கைப்பையைப் பார்த்தான்.

"எங்கடி?"

அவன் இரண்டு எட்டில் வந்து பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். அடையாள அட்டை தரையில் விழுந்தது. அதன் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. கை முட்டியாலேயே குத்தினான். விமலாவின் மேலுதடு பல்லில் மோதிக் கிழிந்தது. மேசையில் விழுந்தாள், தட்டுகள் சரிந்து உடைந்தன. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, முகத்தை மேசைப் பலகையில் மோதினான். ஒருமுறை. இன்னொரு முறை.

"அண்ணே! விடுங்கண்ணே!" தர்மா அவன் கையைப் பிடித்தான். வாங்கிய உதையில் அலமாரியோடு போய் மோதினான். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் தொங்கியது. அப்போதும் "அண்ணே, வேணாண்ணே" என்றுதான் கெஞ்சினான். திரைக்குள் எட்டிப் பார்த்த பவித்ரன், "தலைவரே... குடும்ப விசயத்த வீட்டுல போயி..." என்று சொல்லிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பின்னால் திரும்பினான். நவமணி ஜெயபாலனின் சட்டையைப் பற்றி இழுத்தாள். அவன் முழங்கையால் அவள் மார்பில் இடித்தான்.

விமலா கத்தினாள். எத்தனையோ வருஷமாக அவள் அடி வாங்கும்போது கத்தியதில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று சின்ன வயதிலேயே பழகிய பழக்கம். இப்போது வாயில் ரத்தம் நிறைந்திருக்க, நெஞ்சைப் பிளந்துகொண்டு அது வெளியே வந்தது.

திரைக்கு அப்பால் நாசி லெமாக் தின்றுகொண்டிருந்த மண்டபம் அடங்கியது. மூன்றாம் அங்கம் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

"டேய் நாயே! விடுடா அவள!" முதலில் வீரம்மாதான்.

"பொட்டப் பயலே, வெளிய வாடா!" இன்னொருத்தி.

"இவன நாலு பேரு புடிச்சி ஒதைக்கணும்!" ஒரு ஆண் குரல்.

"அடிக்காதடா! கைய ஒடிச்சிருவேன்!"

குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. விசில் வந்தது. யாரோ எறிந்த செருப்பு திரையில் மோதி விழுந்தது. துணி ஒரு கணம் உள்ளே புடைத்து அடங்கியது.

ஜெயபாலனின் கை நின்றது.

ஒவ்வொரு குரலையும் அவனுக்குத் தெரியும். அடுத்த லயத்து வீரம்மா. தோட்டத்தில் அவனோடு பால் மரம் வெட்டியவன். கோயில் கமிட்டிச் செயலாளர். சற்றுமுன் வாசலில் அவனைக் கும்பிட்டு வழிவிட்டவர்கள். அவன் திரையையே பார்த்தான். அதில் எங்கோ ஒரு கிழிசல் இருக்கிறது, அதன் வழியாக அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுபோல் கண்ணால் தேடினான்.

"அவங்களுக்கு..." என்றான். "யாரு சொன்னா?"

வெளியே, "சாவுடா நாயே!" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் ஓர் அடி பின்வாங்கினான். முடியைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் விடவில்லை.

விமலா முகத்தைத் திருப்பினாள். அவன் மணிக்கட்டு அவள் வாய்க்கு நேரே இருந்தது. உடைந்த உதட்டோடு கடித்தாள். தோல் அறுந்து, உள்ளே ஏதோ இழுபட்டு, அவனுடைய ரத்தம் சூடாகத் தொண்டையில் இறங்கும்வரை கடித்தாள். அவன் ஊளையிட்டான். மண்டபம் கைதட்டியது.

முடி விடுபட்டது. தர்மா அலமாரியைக் கடைசித் தள்ளாகத் தள்ளினான். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. நவமணி அடையாள அட்டையைப் பொறுக்கி அவள் கையில் திணித்தாள். விமலா மாலையோடும் பொன்னாடையோடும் வெயிலுக்குள் விழுந்தாள்.

சந்தில் வெள்ளை மைவி நின்றது. தினேஸ்வரி இறங்கி ஓடி வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

"ஏறும்மா," என்றாள் விமலா. சொல்லும்போது ஒரு பல் நாக்கில் உருண்டது. அதைக் கையில் துப்பி இறுக்கிக்கொண்டாள்.

கார் சந்தைவிட்டு வெளியேறியது. பின்கதவில் யாரும் வரவில்லை. தினேஸ்வரி அழுதுகொண்டே ஓட்டினாள். "நேரா பினாங்கு போயிரலாம்மா. ஹைவே ஏறிட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அங்க கிளினிக்ல காட்டலாம்."

"வேணாம். பாலாய்க்கு போ."

"போலீஸ்கிட்டயா? அன்னிக்கே போனீங்களே. என்னா செஞ்சாங்க?"

விமலாவுக்கு அது நினைவிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், முகம் கழுவி, தலைவாரி, பவுடர் பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது அப்படித்தான் போக வேண்டும் என்று நினைத்தாள். முகப்பில் இருந்த இளம் அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக அனுப்பி வைத்தான்.

"போம்மா," என்றாள்.

சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கில் கார் நின்றது. பக்கத்து மோட்டார்சைக்கிளில் இருந்த சீனக் கிழவர் கண்ணாடிக்குள் பார்த்துத் திடுக்கிட்டார். தினேஸ்வரி டிஷ்யூவை உருவி அம்மாவின் தாடையை நோக்கி நீட்டினாள். ரத்தம் மாலையில் சொட்டி, பொன்னாடையின் சரிகையில் ஊறி, நீலப் பட்டில் கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

விமலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தொடைக்காத."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். பாலாய் வர்ற வரைக்கும் எதையும் தொடைக்காத."

விளக்கு பச்சையானது. தினேஸ்வரி டிஷ்யூவைக் கீழே போட்டுவிட்டு வலப்பக்கம் திருப்பினாள்.